அடுப்பே வேணாம் மச்சி!

வெளியே வெயில், உள்ளே செமஸ்டர். ஹாஸ்டல் ரூமில் ஸ்டவ் வெச்சா வார்டன் விடமாட்டார். அதுக்காக ஸாலட்னதும் லெட்யூஸ், ஆலிவ் ஆயில்னு அடையாறு சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடி பாக்கெட் மணியைக் கரைக்காதீங்க. ராமநவமிக்கு மயிலாப்பூர் வீடுகளில் பானகம், நீர்மோரோட தருவாங்களே கோசுமல்லி... அதுதான் நம்ம ஊரு ஸாலட்!

தெற்கு மாட வீதியில் ஒரு வெள்ளரி, ஒரு மாங்காய், ஒரு பத்தை தேங்காய் வாங்குங்க. கால் டம்ளர் பாசிப்பருப்பை நல்ல தண்ணியில் 1 மணி நேரம் ஊறப்போடுங்க. நகத்தால் கிள்ளினால் உடையணும், அதான் பதம். தண்ணியை ஒட்ட வடிச்சு, பொடியா நறுக்கினதைக் கொட்டி, பச்சைமிளகாய், கொத்தமல்லி தூவுங்க. மாங்காய் புளிப்பு போதலைன்னா மட்டும் எலுமிச்சை. கடுகு தாளிப்பெல்லாம் ஊருக்குப் போகும்போது அம்மா கையால பார்த்துக்கலாம்.

உப்பு? சாப்பிட உட்காரும்போதுதான்! முன்னாடியே போட்டால் வெள்ளரித் தண்ணியெல்லாம் வெளியே வந்துடும் (ப்ளஸ் டூவில் படிச்ச ஆஸ்மாசிஸ்தான்). அப்புறம் கிண்ணத்தில் மிஞ்சுறது ரசம்.

காலையில் கலந்ததை மதிய டப்பாவில் அடைக்காதீங்க. ஊறின பருப்பும் தேங்காயும் இந்த வெயிலுக்குத் தாங்காது, எக்ஸாம் ஹாலில் வயிறு பேசும். டப்பாவுக்குன்னா முழு வெள்ளரி, வறுத்த வேர்க்கடலை, தனிப் பொட்டலமா உப்பு. அங்கேயே நறுக்கிக் கலந்தா ஆச்சு.