கம்பட்டமும் சுதந்திரமும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சர்க்கார் அடித்து வெளியிடும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத மனிதனுடைய குணமும் நாணயம். இந்த இரண்டு பொருளையும் ஒரே சொல் தாங்கி நிற்பது மிகவும் பொருத்தமானது என்பது நமது அபிப்பிராயம். காசு என்பது ராஜாங்கம் தன் பிரஜைக்கு எழுதிக் கொடுக்கும் வாக்குறுதிப் பத்திரம். அதன் மதிப்பு குறையாது, எந்த மதிப்புக்குக் கொடுத்தோமோ அந்த மதிப்புக்கே எல்லோரும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்பதே அந்த வாக்குறுதி. அது பொய்க்குமானால் காசில் எத்தனை அழகிய சின்னம் பொறித்திருந்தும் பயனில்லை.

சொந்தமாகக் காசு அடிக்கும் ராஜ்யமே சுதந்திர ராஜ்யம் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. மற்றப் பாதியை அறிய விரும்புவோர் தூரதேசங்களுக்குப் போக வேண்டியதில்லை. நமது நாஞ்சில் நாட்டின் சரித்திரமே போதும்.

காசு அடிக்கும் இடத்திற்கு அக்கசாலை, தங்கசாலை, கம்பட்டம் என்று தமிழில் பல பெயர்கள் உண்டு. அவற்றுள் தென்கோடியில் வேரூன்றிய பெயர் கம்பட்டம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரம் கல்குளத்தை அடுத்த பத்மநாபபுரத்தில் இருந்த காலத்தில், சமஸ்தானத்தின் கம்பட்டமும் அங்கே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்திற்குப் பெயர்ந்தது. கம்பட்டமும் காலப்போக்கில் அங்கேயே போய்ச் சேர்ந்தது. ஆயினும் அதன் காசுகள் கோட்டாற்றுக் கடைவீதியிலும் வடசேரிச் சந்தையிலும் 1949-ம் வருஷம் வரையில் புழங்கிக்கொண்டிருந்தன.

அந்தக் காசுகளின் கணக்கை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். பதினாறு காசு ஒரு சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். வெள்ளிச் சக்கரம் அரைக் கிராம் எடைகூட இல்லாத சிறு பொட்டு. விரலிடுக்கில் நழுவும் அந்தச் சக்கரங்களை ஒவ்வொன்றாக எண்ணுவது ஆகாத காரியம். ஆகையால் மரப்பலகையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் செதுக்கி வைத்திருந்தார்கள். கைநிறைய அள்ளிப் பலகையின்மேல் போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாகச் சக்கரம் தங்கும், மிகுதி வழிந்துவிடும். குழிகள் நிறைந்தால் கணக்கு முடிந்தது. இந்தச் சக்கரப் பலகை, எழுத்தறியாதவனும் ஏமாறாமல் இருப்பதற்கு நம் நாட்டார் கண்ட கருவி.

பின்னாளில் இயந்திரத்தில் அடித்த செப்புக் காசுகள் வந்தன. மூலம் திருநாள் மகாராஜா காலத்துச் செப்புச் சக்கரத்தில் 'ராம வர்மா' என்பதன் ஆங்கில முதலெழுத்துக்கள் பின்னிக் கிடக்கும். மறுபுறத்தில் ஸ்ரீ பத்மநாபனுக்குரிய சங்கு விளங்கும். எழுத்துக்கள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தன. தமிழே பேசி, தமிழிலேயே கணக்கெழுதிய நாஞ்சில் நாட்டு விவசாயி, தன் மடியில் இருந்த காசில் தன் மொழியைக் காணவில்லை.

சங்கு முத்திரையும் சொந்தக் கம்பட்டமும் இருந்தமையால் திருவிதாங்கூர் சுதந்திர ராஜ்யமாக இருந்ததா என்பதே நமது கேள்வி. 1805-ம் வருஷத்து உடன்படிக்கையின்படி சமஸ்தானம் ஆங்கிலக் கம்பெனிக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய கப்பம் 8 லட்சம் ரூபாய். அந்தச் சுமையைத் தாங்க மாட்டாமல் கம்பெனியின் ரெஸிடெண்டோடு மோதியவர், தலக்குளத்தில் பிறந்த தளவாய் வேலுத்தம்பி. 1809-ம் வருஷத்தில் குண்டறையில் விளம்பரம் வெளியிட்டு ஜனங்களைப் போருக்கு அழைத்தார். அதே வருஷத்தில் மண்ணடியில் உயிர் நீத்தார். கப்பம் மட்டும் நிற்கவில்லை. கம்பட்டத்தில் சங்கு முத்திரை விழுந்துகொண்டே இருந்தது. கஜானாவிலிருந்து ரூபாய் வெளியே போய்க்கொண்டே இருந்தது. முத்திரை ஒருவர் கையிலும் அதிகாரம் வேறொருவர் கையிலும் இருந்த நிலைமையைச் சுதந்திரம் என்று யாரும் அழைக்க மாட்டார்கள்.

சாமானிய மனிதனுக்கும் இதனால் நஷ்டம் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் திருநெல்வேலிச் சீமை. அங்கே வழங்கியது பிரிட்டிஷ் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரமும் 8 காசும்; சர்க்கார் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம் மட்டும். இரண்டுக்கும் பெயர் ரூபாய்தான். மாற்றிக் கொடுப்பவன் இருபத்தெட்டோடு நிறுத்திக்கொண்டால், கணக்கறியாத கூலிக்காரனுக்கு ரூபாய்க்கு அரைச் சக்கரம் போயிற்று. இரண்டு நாணயங்கள் உரசுகிற எல்லையில் லாபம் மாற்றுக்காரனுக்கும் நஷ்டம் ஏழைக்கும் என்பது எந்தத் தேசத்திலும் மாறாத விதி.

இனிக் கணவாய்க்கு அப்பால் நடந்ததைப் பார்ப்போம். சென்னையில் கம்பெனியின் தங்கசாலை இருந்தது. அதன் பெயர் இன்றும் தங்கசாலைத் தெருவில் வாழ்கிறது. 1807-ம் வருஷத்தையொட்டி அங்கே வெளியான வெள்ளி அரை வராகனில் ஒருபுறம் கோபுரமும் மறுபுறம் விஷ்ணுவின் உருவமும் இருந்தன. ஆங்கிலம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழிலும் தெலுங்கிலும் அதன் மதிப்பைப் பொறித்திருந்தார்கள். வியாபாரம் செய்ய வந்தவனுக்கு வாங்குபவனுடைய பாஷையும் தெய்வமும் தேவைப்பட்டன. ஆதிக்கம் உறுதியானதும் அந்தத் தேவை போய்விட்டது. 1818-ல் வராகன் கணக்கு ஒழிந்து ரூபாய்க் கணக்கு வந்தது. 1835-ம் வருஷச் சட்டம் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் 180 கிரெய்ன் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளியும் கொண்ட ஒரே ரூபாயை ஏற்படுத்தியது. அதில் கோபுரத்துக்குப் பதில் இங்கிலாந்து மன்னரின் தலை. 1869-ல் சென்னைத் தங்கசாலையையும் மூடிவிட்டார்கள். கல்கத்தாவும் பம்பாயும் மிஞ்சின.

ஒரே ரூபாய் ஏற்பட்டதில் வியாபாரத்திற்கு நன்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அதை ஆளும் உரிமை எங்கே இருந்தது என்பதே விஷயம். 1893-ம் வருஷம் ஜூன் மாதம் வரையில், வெள்ளி வைத்திருந்த எவரும் அதைக் கம்பட்டத்தில் கொடுத்து, கூலி போக, ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். அந்த மாதத்தில் ஒரே சட்டத்தால் அந்தக் கதவைச் சாத்தினார்கள். அன்றுமுதல் ரூபாயின் மதிப்பு அதன் வெள்ளியில் இல்லை. சர்க்காரின் கட்டளையில் இருந்தது. நகையாகவும் பாத்திரமாகவும் வெள்ளியைச் சேர்த்து வைத்திருந்த குடும்பங்களின் சேமிப்பு, ரூபாய்க் கணக்கில் தாழ்ந்துபோயிற்று. அவர்களை யாரும் கேட்கவில்லை.

1927-ம் வருஷத்தில் ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று விகிதம் நிர்ணயித்தார்கள். ஒரு ஷில்லிங் நாலு பென்ஸே தகும் என்று புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் முதலியோர் வாதாடியது வீணாயிற்று. விகிதம் உயர்ந்தால் வெளிநாட்டுச் சரக்கு இங்கே மலிவாகும். நம் விவசாயி ஏற்றுமதி செய்யும் பொருளுக்கு ரூபாய்க் கணக்கில் கிடைக்கும் விலை குறையும். அவன் கட்டும் வரியும் வட்டியுமோ குறையா. கோவணம் கட்டிய குடியானவனின் மடியிலிருந்து காசை எடுக்க அவன் மடியைத் தொட வேண்டியதில்லை. விகிதத்தில் இரண்டு பென்ஸை மாற்றினால் போதும் என்பதை அந்த விவாதம் தேசத்துக்குக் கற்பித்தது. பின்னர் யுத்தம் வந்தது. 1940-ல் ரூபாயின் வெள்ளி பாதியாயிற்று. 1947-ல் வெள்ளியே போய் நிக்கல் ரூபாய் வந்தது.

தேசம் விடுதலை பெற்ற பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1949-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. சமஸ்தானக் காசின் சரித்திரம் அத்துடன் முடிந்தது. 1950-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, மன்னர் தலை நீங்கி, அசோகச் சக்கரவர்த்தியின் சிங்கத்தூண் பொறித்த குடியரசின் நாணயம் வெளிவந்தது. 1956-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி, பல உயிர்ப்பலிகளுடன் நடந்த போராட்டத்தின் பயனாக, கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் சேர்ந்தது. அதற்கு ஐந்து மாதம் கழித்து, 1957-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி, ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற கணக்கு அமலுக்கு வந்தது. எட்டு வருஷத்துக்குள் நாஞ்சில் நாட்டார் சக்கரத்தை மறந்து அணாவைப் பழகி, அணாவையும் விட்டுப் பைசாவுக்கு வந்தார்கள். இந்த மூன்றாவது மாற்றம் நம்முடைய பிரதிநிதிகள் கூடிச் செய்த சட்டத்தினால் வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்று நமது தேசத்தில் நான்கு நாணயச்சாலைகள் இருக்கின்றன. கல்கத்தாவின் நாணயச்சாலை 1952-ல் அலிப்பூருக்குப் பெயர்ந்தது. பம்பாயினுடையது கம்பெனி காலத்திலேயே கட்டியது. ஹைதராபாத்தினுடையது 1803-ல் நிஜாம் ஆட்சியில் தோன்றி, 1950-ல் இந்திய சர்க்கார் வசம் வந்து, 1997-ல் செர்லப்பள்ளிக்கு மாறியது. நொய்டாவினுடையது 1988-ல் ஏற்பட்டது. நான்கும் 2006-ம் வருஷம் முதல் மத்திய சர்க்காருக்கே முழுதும் சொந்தமான ஒரு கழகத்தின் கீழ் நடைபெறுகின்றன. உங்கள் கையிலுள்ள காசில் வருஷத்தின் கீழே பாருங்கள். வைரக் கட்டம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா.

வேலை நடக்கும் முறையும் அறியத்தக்கது. உலோகத்தை உருக்கிக் கலந்து, தகடாக உருட்டி, வட்ட வில்லைகளாக வெட்டுகிறார்கள். வில்லைக்கு விளிம்பு கட்டி, சூடேற்றி இளக்கி, துலக்கி, இரண்டு அச்சுக்களுக்கிடையே வைத்து ஒரே அழுத்தில் இருபுறமும் பொறிக்கிறார்கள். பிறகு எடை பார்த்து, எண்ணி, மூட்டை கட்டுகிறார்கள். வெள்ளி போய்விட்டது. நூற்றுக்கு 83 பங்கு இரும்பும் 17 பங்கு குரோமியமும் சேர்ந்த துருவேறாத எஃகில் நமது சில்லறைக் காசுகள் பல உருவாகியிருக்கின்றன. ஆகவே இன்றைய காசுக்கு மதிப்பைத் தருவது உலோகம் அல்ல; குடியரசின் வாக்கும், அந்த வாக்கை ஏற்கும் ஜனங்களின் நம்பிக்கையுமே.

இந்த வாக்கு இன்று எங்கே தடுமாறுகிறது? பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுப்பது தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் பல வருஷங்களாக நாம் கண்டுவரும் காட்சி. ரூபாய்க் குறி இல்லாதது செல்லாது, கோடுகளின் எண்ணிக்கை வேறானது போலி என்றெல்லாம் வதந்திகள் பரவின. ரூபாய்க் குறியே 2010-ம் வருஷத்தில்தான் பிறந்தது. அதை வரைந்தவர் உதயகுமார் என்னும் தமிழர். அதற்கு முன் அடித்த நாணயத்தில் அந்தக் குறி எப்படி இருக்கும்? பதினான்கு வடிவங்களில் வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-ம் வருஷம் ஜனவரியில் அறிவித்தது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. நாணயம் அடிக்கும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்திய சர்க்காருக்கு உரியது. 2011-ம் வருஷத்து நாணயச் சட்டத்தின்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்குச் செல்லத்தக்கவை. ஒரு மூட்டைக் காசைக் கொண்டுவந்து கொட்டி ஒருவரைத் தொல்லைப்படுத்த முடியாதபடி இந்த வரம்பு காக்கிறது. ஆனால் ஒரு கட்டுக் கீரைக்கும் ஒரு பஸ் சீட்டுக்கும் கொடுக்கும் நாணயத்தைத் தள்ளுவதற்கு அதில் ஓர் எழுத்துக்கூட இடம் தரவில்லை.

மறுப்பவர்களின் கஷ்டத்தையும் நாம் அறிவோம். வாங்கிய நாணயத்தை மொத்த வியாபாரி வாங்குவதில்லை, வங்கியில் எண்ண ஆளில்லை என்கிறார்கள் என்று சிறு கடைக்காரர் சொல்லும்போது, அவரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. குற்றம் மேலிருந்து கீழே வருகிறது. ஆகையால் பரிகாரமும் மேலிருந்தே வர வேண்டும். வங்கிகள் நாணயத்தைத் தயங்காமல் வாங்கி மாற்றித் தர வேண்டும். அரசாங்கப் பஸ்களும் மின்சார அலுவலகங்களும் வரி வசூல் இடங்களும் முன்மாதிரியாக நாணயத்தை ஏற்க வேண்டும். தேசத் தொண்டில் ஈடுபட்டோர் கிராமந்தோறும் வதந்தியை மறுத்துப் பேச வேண்டும்.

இது சில்லறை விஷயம் என்று தள்ளிவிடலாகாது. காசு தள்ளப்படும்போது நஷ்டம் அடைபவர் காகித நோட்டோ கைப்பேசிக் கணக்கோ வைத்திருப்பவர் அல்லர். பகலெல்லாம் மீன் கூடை சுமந்து, பத்தும் ஐந்துமாகச் சேர்த்து, மாலையில் அரிசி வாங்கப் போகும் மூதாட்டியே. அன்று எல்லையில் அரைச் சக்கரத்தை இழந்த கூலிக்காரனின் வாரிசு அவர்.

அன்று நம்மிடம் கம்பட்டம் இருந்தது, அதிகாரம் இல்லை. இன்று இரண்டும் நம்முடையவை. அந்நியன் முத்திரையை நீக்கிச் சிங்கத்தூணை வைத்தோம். அந்தச் சிங்கத்தூண் பொறித்த காசு வடசேரிச் சந்தையில் ஓர் ஏழையின் கையிலிருந்து மறுப்பின்றிச் செல்ல வேண்டும். அது சென்றால்தான் குடியரசின் நாணயம், சொல்லின் இரண்டு பொருளிலும், காப்பாற்றப்பட்டதாகும்.