எஞ்சினைக் குறைசொல்லுமுன் பரலைப் பாருங்கள்

கடந்த மாதம் மாங்குளம் சந்தியில் தேநீர் குடிக்க வாகனத்தை நிறுத்தினேன். கடைக்குள் எனக்குத் தெரிந்த மூன்று வியாபாரிகள் இருந்தார்கள். ஒருவர் நெல் கொள்வனவு செய்பவர், ஒருவர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு ஏற்றுபவர், மற்றவர் ஹார்ட்வெயார்க்காரர். மூவருக்கும் பேச்சு ஒன்றுதான். வாங்கப்போகும் டபள் கெப் பழைய பம்ப் எஞ்சினா, கொமன் ரெயில் எஞ்சினா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இறக்குமதி வந்தும் வரியைக் கட்டிப் புதியது வாங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? ஆகவே கைமாறிய வாகனத்தைத்தான் பார்க்கிறோம். "கம்பியூட்டர் எஞ்சின் காட்டுக்குள் காலை வாரிவிடும்" என்றார் நெல் வியாபாரி. எனக்கு ஒருமுறை வாரிவிட்டதுதான். ஆனால் யாருடைய பிழை என்பதை அன்று அவரிடம் சொல்ல நேரம் போதவில்லை. இங்கே சொல்கிறேன்.

2013இல் லீசிங்கில் ஒரு கொமன் ரெயில் டபள் கெப் எடுத்தேன். எந்தக் கம்பனியுடையது என்பது இங்கே முக்கியமில்லை. ஒட்டுசுட்டானில் என் களஞ்சியத்தின் பின்னால் இரண்டு பரல் டீசல் எப்போதும் இருக்கும். சண்டைக்காலத்தில் வன்னியில் இருந்தவர்களிடம் பழகிக்கொண்ட வழக்கம் அது. கையில் எரிபொருள் இல்லாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது.

2016 பெப்ரவரி, காலபோக அறுவடை. முத்தையன்கட்டுப் பக்கம் வயலுக்குள் நெல்லுக்குப் பணமும் கொடுத்தாயிற்று. திரும்பும்போது வாகனம் இருமியது, மீற்றர் பலகையில் விளக்கு எரிந்தது, நின்றது. பிறகு எழும்பவே இல்லை. அன்றிரவு பருவம் தப்பிய மழை. ட்ரக்டர் பிடித்து நெல்லை வெளியே எடுக்க இரண்டு நாளானது. நனைந்த நெல்லை என்ன விலைக்குத் தள்ளியிருப்பேன் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். வாகனத்துக்கு நான்கு இன்ஜெக்டரும் ஹை-பிரஷர் பம்பும் மாற்றி மூன்று இலட்சத்து எண்பதாயிரம் ரூபா. அந்த மாத லீசிங் கட்டணத்தை மச்சானிடம் கடன் வாங்கிக் கட்டினேன்.

கிளிநொச்சியில் நான் வழக்கமாகப் போகும் கராஜ்காரர் என்னை நானா என்பார், நான் அவரை அண்ணை என்பேன். யார் மூத்தவர் என்று இருவருக்கும் தெரியாது. அவர் ஃபில்டரின் அடியில் உள்ள குமிழைத் திறந்து, வந்ததை ஒரு வெற்றுச் சோடாப் போத்தலில் பிடித்து மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் போத்தலின் அடியில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர் பிரிந்து நின்றது.

"இது டீசல் இல்லை நானா, குளம். நீங்க எஞ்சினுக்கு ஏசுறியள்."

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாதி நிரம்பிய பரலில் மீதி இடத்தில் காற்று இருக்கிறது. பகலில் சூடேறி இரவில் குளிரும்போது அந்தக் காற்றிலுள்ள ஈரம் தகரத்தில் வியர்த்து உள்ளே வடிகிறது. மூடிக்கு மேல் தேங்கும் மழைநீரும் மெல்ல இறங்கும். தண்ணீர் டீசலை விடப் பாரமானது, அடியில் கிடக்கும். நாங்களோ கடைசிச் சொட்டு வரை குழாய் விட்டு உறிஞ்சி ஊற்றுகிறோம்.

பழைய எஞ்சின் இதை ஓரளவு தாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. டொயோட்டாவின் 2L போன்ற எஞ்சின்களில் நொசில் திறக்கும் அழுத்தம் 150 பார் அளவைத் தாண்டாது. கொமன் ரெயிலில் எரிபொருளின் அழுத்தம் 1,500 பாருக்கு மேலும் போகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க உள்ளே உள்ள பாகங்களுக்கிடையிலான இடைவெளி மிக நுண்ணியது. ஒரு தலைமயிரின் பருமனில் சிறு பங்குதான். தண்ணீரும் துருவும் அங்கே போனால் என்ன நடக்கும் என்பதைக் காட்ட அண்ணை என் பழைய இன்ஜெக்டர் ஊசியை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். கோடு கோடாக இருந்தது.

அதற்காகப் பழைய எஞ்சின் எதையும் குடிக்கும் என்று நினைக்க வேண்டாம். 1990க்குப் பின் வன்னிக்குப் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளின் காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் இவர்கள். டீசல் எஞ்சினுக்கும் மண்ணெண்ணெய்தான். ஆனால் அதில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலப்போம் என்றார் அண்ணை. டீசல் பம்புக்கு எண்ணெய்ப்பசை தருவதே டீசல்தான், மண்ணெண்ணெயில் அந்தப் பசை குறைவு என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

(என் வாப்பாவின் மஸி ஃபெர்குசன் 135 ட்ரக்டரும் அப்படி ஓடியதாகக் கேள்வி. 1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டபோது தண்ணீரூற்றில் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவந்தது. 2009இன் பின் புதுக்குடியிருப்புப் பக்கம் குவிந்துகிடந்த வாகனங்களுக்கிடையே வாப்பா இரண்டு நாள் தேடினார். கிடைக்கவில்லை.)

இந்த அறிவு 2022இல் பலருக்கு மறந்துபோனது. அந்த ஆகஸ்ட் மாதம் டீசல் லீற்றர் 430 ரூபா, மண்ணெண்ணெயோ விலை உயர்த்தப்படும் வரை 87 ரூபா. நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வித்தியாசம் கண்ணைப் பறித்தது. ஒயிலும் கலக்காமல் அப்படியே ஊற்றினார்கள். கறுப்புச் சந்தைக் கேனில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்த வருடம் ஓடிய வாகனங்கள் இன்றும் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குமுன் 2022இல் இந்த வாகனம் என்ன குடித்தது என்று கேளுங்கள். பதில் பொய்யாக இருக்கலாம், முகம் பொய் சொல்லாது.

எஞ்சின்களுக்கு இயல்பான குறைகளும் உண்டு. 2L சூடேறினால் ஹெட் வெடிக்கும். ஆகவே நெல் உமியும் சேறும் அடைத்த ரேடியேற்றரைக் கழுவாமல் ஓட்டக்கூடாது. லேண்ட் குரூசரின் 1HZ, 4.2 லீற்றர் ஆறு சிலிண்டர், மிக உறுதியானது. ஆனால் அதற்கும் டைமிங் பெல்ட் இருக்கிறது. இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் உறுதியெல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஹைலக்ஸ், பிராடோவில் வந்த 1KD கொமன் ரெயில் எஞ்சினில் இன்ஜெக்டர் அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்தால் கரி ஒயிலில் சேர்ந்து சம்பிலுள்ள ஒயில் வலையை அடைக்கும். நல்ல டீசல் ஊற்றினாலும் இது வரும். வாஷரை நேரத்துக்கு மாற்றுவதும் ஒயிலை நாள் தள்ளாமல் மாற்றுவதும்தான் வழி.

புகைக் குழாயில் டிபிஎஃப் உள்ள அண்மைக்கால வாகனங்கள் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அது சேர்ந்த கரியை எரிக்க வேகமான நீண்ட ஓட்டம் வேண்டும். வயல் வழியில் வாரக்கணக்கில் உருட்டினால் அடைத்துக்கொள்ளும். கந்தகம் குறைந்த டீசலும் தேவை. யூரோ 4 சுப்பர் டீசல் 2018இல் வந்தது, ஆனால் எல்லா நிரப்பு நிலையங்களிலும் கிடைப்பதில்லை. ஏ9 வீதியில் மட்டும் ஓடுபவர் வாங்கட்டும்.

என் டபள் கெப்பை 2019இல் விற்றேன். அதற்குள் மீண்டும் ஒரு இன்ஜெக்டர் தட்டத் தொடங்கியிருந்தது. தரகர், தடித்த ஒயில் ஊற்றி எஞ்சினைச் சூடாக்கி வைத்தால் சத்தம் தெரியாது என்றார். முதலில் பார்க்க வந்தவரிடம் நான் வாய் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் விலை சரிவராமல் போய்விட்டார். அன்றிரவு, வாங்கியிருந்தால் அவரும் எந்த வயலில் நின்றிருப்பாரோ என்று நினைத்துப் படுத்திருந்தேன். அடுத்து வந்தவரிடம் சொன்னேன். இரண்டு இலட்சம் குறைத்துக் கேட்டார், கொடுத்தேன். தரகருக்கு இன்னும் என்மேல் கோபம்.

இப்போது என்னிடம் இருப்பதும் கொமன் ரெயில்தான். பரலை விட்டுவிட்டேன். இயன்றவரை வியாபாரம் அதிகமுள்ள ஒரே நிரப்பு நிலையத்தில் அடிக்கிறேன், வெள்ளிக்கிழமை தோறும் ஃபில்டர் குமிழைத் திறந்து பார்க்கிறேன். பரல் தவிர்க்க முடியாதவர்கள் அதை நிழலில் சற்றுச் சரித்து வைத்து, உறிஞ்சும் குழாயை அடியிலிருந்து ஒரு சாண் மேலே நிறுத்திக்கொள்ளுங்கள். மிஞ்சுவதை லேண்ட் மாஸ்டருக்குக்கூட ஊற்றாதீர்கள்.

கருவாட்டு நண்பர் வரும் சனிக்கிழமை கிளிநொச்சிக்கு ஒரு வாகனம் பார்க்கப் போகிறார், என்னையும் அழைத்திருக்கிறார். சொந்தக்காரர் பத்து மணிக்கு வரச் சொன்னாராம். ஆறரைக்கே போய், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பொனெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பச் சொல்லவேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.