டி.வி.யை படுக்க வைத்து ஏற்றாதீர்கள்: வழியில் உடைந்தால் கைக்கு கிடைப்பது எவ்வளவு?

முதுநகர்,

ஆடி பிறந்து விட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் வைகாசி, ஆனி மாதங்களில் கடலூர் முதுநகர், திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம் பகுதி தெருக்களில் எங்கு பார்த்தாலும் குட்டியானை வண்டிகள்தான். கட்டில், பீரோ, கியாஸ் சிலிண்டர், கிரைண்டர் எல்லாம் ஏறிய பிறகு கடைசியாக டி.வி. வரும். மேலே கிடக்கும் மெத்தையில் அதை அப்படியே படுக்க வைப்பார்கள். "மெத்தை மேலதானே இருக்கு, ஒண்ணும் ஆகாதுங்க" என்று லோடுமேனும் தைரியம் சொல்வார்.

முதுநகரில் இருந்து சிதம்பரம் சுமார் 40 கிலோ மீட்டர் தூரம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் எல்லாம் தாண்டி, புது வீட்டில் இறக்கி பிளக்கை சொருகினால் திரையில் கோடு கோடாக ஓடும். ஒரு மூலையில் மை கொட்டியது போல கருப்பு. வெளியே ஒரு கீறல் கூட இருக்காது. தவணை மட்டும் இன்னும் பாக்கி இருக்கும்.

இது ஏன் நடக்கிறது? உடைந்தால் நஷ்டஈடு கிடைக்குமா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

இலவச டி.வி. காலத்து பழக்கம்

நம் ஆட்கள் டி.வி. தூக்கும் விதமே பழைய பெட்டி டி.வி.யில் இருந்து வந்ததுதான். தமிழக அரசு 2006-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி இலவச கலர் டி.வி. திட்டத்தை தொடங்கியது. 2011-ம் ஆண்டு வரை ஒன்றரை கோடிக்கும் அதிகமான குடும்பங்களுக்கு 14 அங்குல டி.வி. கிடைத்தது. அதை தோளில் தூக்கி வந்தவர்கள் உண்டு, சைக்கிள் கேரியரில் கட்டி வந்தவர்கள் உண்டு. போர்வையில் சுற்றி பஸ்சில் ஏற்றியவர்களும் உண்டு. முன்பக்கம் தடித்த கண்ணாடி. கனம் முழுவதும் அந்த பக்கம்தான். அதனால் திரையை நெஞ்சோடு அணைத்து தூக்குவதுதான் சரி.

இப்போது வரும் எல்.இ.டி. டி.வி.யை அப்படி அணைத்தால் தொலைந்தது. இதன் பேனலில் இருப்பது ஒன்றோடு ஒன்று ஒட்டிய இரண்டு மெல்லிய கண்ணாடிகள். ஒவ்வொன்றும் 1 மில்லி மீட்டர் தடிமன் கூட கிடையாது. அதை பிடித்திருப்பது நாலு பக்கமும் உள்ள பிரேம் மட்டும்தான். படுக்க வைத்தால் நடுப்பகுதிக்கு சரியான தாங்கல் இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் கண்ணாடி லேசாக வளைந்து நிமிரும். முதல் குலுக்கலை தாங்கும், பத்தாவதை தாங்காது. மேலே இரண்டு தலையணையும் போட்டு விட்டால் கேட்கவே வேண்டாம்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து டி.வி.யை கட்டிப்பிடித்து போகிறவர்களை இன்றும் பார்க்கலாம். கட்டை விரல் அழுத்தமே போதும், பேனல் போய்விடும். பேனல் மாற்றும் செலவுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது டி.வி.யே வாங்கலாம் என்பதுதான் பெரும்பாலும் நிலைமை. அடிபட்டு உடைந்ததற்கு கம்பெனி வாரண்டியும் செல்லாது.

அட்டைப்பெட்டி எங்கே?

வாங்கும்போது வந்த அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் இருந்தால் பாதி கவலை தீர்ந்தது. பலரும் அதை பழைய பேப்பர் கடைக்கு போட்டு விடுகிறார்கள். பரங்கிப்பேட்டை பக்கம் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்களின் வீடுகளில், விமானத்தில் வந்த டி.வி. பெட்டியை பரணில் பத்திரமாக வைத்திருந்த காலம் உண்டு. தட்டை டி.வி.க்கு இருந்த வரிச்சலுகை 2013-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி முதல் எடுக்கப்பட்ட பிறகு, அங்கிருந்து சுமந்து வருவதில் லாபம் குறைந்து போனது.

பெட்டி இல்லாதவர்கள் முதலில் டி.வி.யை ஆன் செய்து, படம் ஓடுவதை செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும். பின்பக்கம் உள்ள சீரியல் நம்பரையும் படம் எடுத்து வைப்பது நல்லது. இது எதற்கு என்று பின்னால் தெரியும்.

பிறகு ஒயர்களை கழற்றி, கால்களையும் சுவரில் மாட்டும் கம்பியையும் எடுத்து விட வேண்டும். அந்த ஸ்குரூக்களை ரிமோட்டுடன் ஒரு கவரில் போடுங்கள். இல்லாவிட்டால் புது வீட்டில் ஒரு வாரம் டி.வி. தரையில்தான் நிற்கும்.

திரை மீது மெல்லிய பஞ்சு ஷீட் அல்லது சுத்தமான பருத்தி துணி. அதன் மேல் டி.வி. அளவுக்கே வெட்டிய கெட்டி அட்டை. இந்த அட்டைதான் முக்கியம். வெளியில் இருந்து வரும் அடியை கண்ணாடிக்கு விடாமல் பிரேமுக்கு தள்ளி விடும். பிறகு பபுள் ஷீட்டை இரண்டு மூன்று சுற்று சுற்றலாம். டேப்பை திரையில் நேராக ஒட்டக்கூடாது. மூலைகளுக்கு தெர்மாகோல் துண்டு. கயிற்றை திரைக்கு குறுக்கே இறுக்கி கட்டுவதும் தவறு.

தூக்கும்போது இரண்டு பேர் வேண்டும். ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டில். வண்டியில் நிற்க வைத்து, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே செருகி விடலாம். திரை இருக்கும் பக்கம் பீரோ கைப்பிடி, கட்டில் கால் எதுவும் வரக்கூடாது. குலுங்கும்போது குத்துவது அதுதான். ஆம்னி பஸ் டிக்கியில் போடுபவர்களும் நிற்க வைக்க இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

மழைக்காலத்தில்

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி தானே புயல், 2015-ல் வெள்ளம், 2024 டிசம்பரில் தென்பெண்ணையாற்று வெள்ளம் என்று கடலூர் நிறைய பார்த்து விட்டது. தண்ணீர் ஏறும்போது டி.வி.யை பரணில் ஏற்ற வேண்டி வரும். அங்கேயும் நிற்க வைத்து, மேலே பிளாஸ்டிக் கவர் போட வேண்டும். நனைந்த டி.வி.யை "எரியுதா பார்ப்போம்" என்று உடனே போட்டு பார்க்கக் கூடாது. மெக்கானிக்கிடம் காட்டிய பிறகுதான் கரண்ட்.

ரசீதில் எழுதியது எவ்வளவு?

இனி பண விஷயம். பார்சல் ஆபீசில் "மதிப்பு எவ்வளவு?" என்று கேட்டால், கூடுதலாக கட்டணம் கேட்பார்களோ என்று பயந்து 500 ரூபாய் என்று சொல்லி விடுகிறவர்கள் அதிகம். இங்குதான் வினை.

லாரி, பார்சல் சர்வீஸ்களுக்கு 1865-ம் ஆண்டு சட்டம் இருந்தது. அதற்கு பதிலாக 2007-ல் புது சட்டம் வந்து, 2011-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி அமலானது. இதன்படி, பொருள் உடைந்தால் நிறுவனம் தர வேண்டிய தொகைக்கு பொதுவான உச்சவரம்பு, கட்டிய வாடகையைப் போல 10 மடங்கு. அதுவும் ரசீதில் எழுதிய மதிப்பை தாண்டாது. 300 ரூபாய் கட்டி அனுப்பிய டி.வி. 25 ஆயிரம் ரூபாய் பெறுமானம் என்றாலும் வரம்பு 3 ஆயிரம்தான். மதிப்பு 500 என்று எழுதியிருந்தால் அந்த 500 மட்டும்தான். உண்மையான மதிப்பை எழுதி, அதற்குரிய கூடுதல் கட்டணம் கட்டி அனுப்பினால் இந்த 10 மடங்கு வரம்பு தடையாக இருக்காது.

ரெயில் பார்சலில் இன்னும் மோசம். மதிப்பை சொல்லி கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால் கிலோவுக்கு 50 ரூபாய்தான் வரம்பு. 10 கிலோ டி.வி.க்கு 500 ரூபாய். பேக்கிங் சரியில்லை என்று பதிவு செய்யும்போதே எழுதி விட்டால், அந்த 500-ம் கைக்கு வருவது சந்தேகம்.

குட்டியானைக்கு பெரும்பாலும் ரசீதே கிடையாது. வாய்ப்பேச்சுதான். அதனால் கிளம்பும் முன்பு டிரைவர் எதிரிலேயே டி.வி.யை போட்டுக் காட்டி, வாடகையை யு.பி.ஐ.யில் அனுப்பினால் ஒரு சாட்சியாவது இருக்கும். முதலில் எடுத்த வீடியோவும் இதற்குத்தான்.

பார்சல் வந்ததும் அவசரமாக கையெழுத்து போடக்கூடாது. "அப்புறம் பாத்துக்கலாம், கையெழுத்தை போடுங்க" என்பார்கள். பெட்டி நசுங்கி இருந்தால் அதை ரசீதிலேயே எழுதி, போட்டோவும் எடுத்துவிட்டு பிறகு போடலாம். முடிந்தால் அங்கேயே பிளக்கில் சொருகி பார்ப்பது நல்லது.

பணம் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். கடலூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கு கட்டணம் கிடையாது. ஆனால் பார்சல் நிறுவனம் மீது வழக்கு போடும் முன்பு எழுத்து மூலம் நோட்டீசு கொடுத்திருக்க வேண்டும். அதற்கு 180 நாள் அவகாசம். அந்த கணக்கு, டி.வி. வந்து சேர்ந்த நாளில் இருந்து அல்ல, பார்சல் போட்ட நாளில் இருந்து ஓடும்.