வீடு திரும்பாத டொறதி

ஒரு நூல் பெரும் வெற்றி பெற்றுவிட்டால், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று நூல்கள் வெளிவருவது உலக வழக்கம். இத்தகைய தொடர் நூல்களைக் கண்டு முகஞ் சுளிப்போர் கற்றோரிடையே பலர் உளர். நாமும் நெடுங்காலம் அவர்களுள் ஒருவராகவே இருந்தோம். “முதல் நூலிலே எழுத்தாளன் பேசுகிறான், ஆறாம் நூலிலே அவனுடைய பணப்பை பேசுகிறது” என்று வகுப்பறையிற் கூறி மாணவரைச் சிரிக்க வைத்ததும் உண்டு. அக்கூற்றை நாமே திருத்திக்கொள்ள நேர்ந்த கதையே இக்கட்டுரை.

சில மாதங்களுக்கு முன், இலக்கண பாடம் நடந்துகொண்டிருந்த வேளையில், பின் வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் மேசைக்கடியில் விரித்து வைத்திருந்த ஆங்கில நூல் ஒன்றைக் கைப்பற்றினோம். ‘ஒஸ் நாட்டின் மரகத நகரம்’ என்பது அதன் பெயர். டொறதி என்னும் சிறுமியைத் தலைவியாகக் கொண்டு அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் போம் எழுதிய மாயக்கதைத் தொடரில் அது ஆறாவது நூல்.

“ஐந்து புத்தகம் படித்தது போதாதா? ஆறாவதில் அப்படி என்ன புதுமை இருக்கப் போகிறது?” என்று கேட்டோம்.

“இந்த முறையும் அவள் வீட்டுக்குத் திரும்பிப் போறாளோ எண்டு பாக்கத்தான், சேர்” என்றான் அவன்.

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் அவ்விடை நம்மை விட்டகலவில்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை. நூல் நம் கைப்பையோடு வீட்டுக்கு வந்தது. இரவு உணவின் பின் நாலு பக்கம் பார்ப்போமென்று விரித்தவர், பாதி நூல் கடந்த பின்பே விளக்கை அணைத்தோம். அடுத்து வந்த வாரங்களில் முன்னைய ஐந்து நூல்களையும் தேடிப் படித்தோம். அப்பொழுதுதான் மாணவனுடைய கேள்வியின் ஆழம் புலனாயிற்று.

டொறதியின் கதையை 1939ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வாயிலாக அறிந்தவரே இன்று மிகுதி. கன்சாஸ் மாநிலத்துப் பண்ணை ஒன்றில் மாமனோடும் மாமியோடும் வாழும் தாய் தந்தையற்ற சிறுமி சூறாவளியில் அகப்பட்டு மாய நாட்டை அடைகிறாள். பல இடர்களைக் கடந்து வீடு மீள்கிறாள். யாவும் கனவாய் முடிகின்றது. ஆனால், 1900ஆம் ஆண்டில் வெளிவந்த மூல நூலில் அது கனவன்று. ஒஸ் நாடு மெய்யாகவே உள்ளது. அவள் மெய்யாகவே அங்கு சென்று மீள்கிறாள்.

இரண்டாம் நூலில் டொறதி இல்லை. 1907இல் வந்த மூன்றாம் நூலில் அவள் மீண்டும் அப்பக்கம் போகிறாள். ஆயினும் மாமனை நினைத்துத் திரும்பிவிடுகிறாள். 1908இலும் 1909இலும் வந்த நூல்களிலும் அவ்வாறே. ஆக, நான்கு முறை போனவள் நான்கு முறையும் திரும்பினாள். அங்கே வாடா வளமும் அரண்மனையும் அரசி ஒஸ்மாவின் நட்பும் இருந்தன. இங்கே காய்ந்த நிலமும் கடும் உழைப்புமே இருந்தன. எனினும் இதுவே வீடு. இங்கேதான் அவளுக்குரியவர் இருந்தனர்.

1910இல் வெளிவந்த ஆறாம் நூல் இங்கே கை வைக்கின்றது. சூறாவளி கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக வேறொரு வீடு கட்டுவதற்கு ஹென்றி மாமா பண்ணையை ஈடு வைத்துக் கடன் பெற்றிருந்தார். விளைவு பொய்த்தது. கடனைக் குறித்த நாளில் இறுக்காவிட்டால் பண்ணையை எடுத்துக்கொள்வதாக வங்கிக்காரர் அறிவித்துவிட்டார். முதுமையில் எங்கே போவது, எதைச் செய்து பிழைப்பது என்று இருவரும் கலங்குகின்றனர். சிறுமியும் இனி உழைத்தே உண்ண நேரும். காணியை ஈட்டில் இழக்கும் வீட்டின் இரவு எத்தகையது என்பதை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. முதல் நூலில் வீட்டைத் தூக்கிச் சென்றது காற்று. அதிலிருந்து மீள வழி இருந்தது. ஆறாம் நூலில் வீட்டைப் பறிப்பது கடன். எந்த மாயப் பாதணியும் அவ்வீட்டை மீட்டுத் தருவதில்லை.

டொறதி அழுதுகொண்டிருக்கவில்லை. ஒஸ்மாவிடம் செல்கிறாள். தனக்குப் பட்டமோ பொருளோ கேட்கவில்லை. தன்னோடு மாமனுக்கும் மாமிக்கும் அங்கே ஓர் இடம் கேட்கிறாள். மூன்றாம் நூலில் அவள் நிலத்தடி அரசனிடமிருந்து கைப்பற்றி ஒஸ்மாவிடம் கொடுத்த மந்திரக் கச்சையே அம்முதியவர் இருவரையும் ஒஸ் நாட்டிற்குக் கொண்டுவருகின்றது. அக்கச்சையை இழந்த அரசனோ, சினங்கொண்டு, பாலைவனத்தின் கீழே சுரங்கம் வெட்டிப் படையெடுக்கிறான். மூன்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு செயலே இங்கு அரணாகவும் பகையாகவும் வந்து நிற்கின்றது. தொடர் நூலுக்கு மட்டுமே வாய்க்கும் வலிமை இது. தனி நூல் ஒன்று இத்தனை பழைய கணக்குகளை எங்ஙனம் தீர்க்க முடியும்?

குறை இல்லையோ எனில், உண்டு. நூலின் பெரும்பகுதி விந்தையூர்களைச் சுற்றிப் பார்ப்பதிலே கழிகின்றது. காகித மனிதர் ஊர், ரொட்டி மனிதர் ஊர், முயல்களின் ஊர் என்று கதை அலைகின்றது. பொருளேதுமின்றி நீளமாய்ப் பேசுவோரை ஒதுக்கி வைத்த ஊர் ஒன்றும் உண்டு. ஆசிரியத் தொழிலுடைய நாம் அப்பகுதியைச் சற்று விரைவாகவே புரட்டினோம்.

முடிவோ இக்குறைகளை மறக்கச் செய்கின்றது. பகைவர் சுரங்கத்தின் வழியே வந்துகொண்டிருக்க, ஒஸ்மா போரிட மறுக்கிறாள். நாட்டவரை விட்டு ஓடவும் மறுக்கிறாள். சுரங்கத்தைப் புழுதியால் நிரப்புகிறாள். தொண்டை வறண்டு மேலே வந்த பகைவர், எதிரே நின்ற மறதி ஊற்றின் நீரைப் பருகுகின்றனர்; வந்த நோக்கத்தையே மறந்து குழந்தைகள்போல் நிற்கின்றனர். உலகப் போர் மூள்வதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு ஒருவர் சிறுவர்க்கு இவ்வாறு எழுதினார் என்பது நினைக்கத்தக்கது.

அதன்பின், ஆகாய விமானங்கள் பெருகும் காலத்தில் ஒஸ் நாட்டைக் காப்பதற்காக, அது பிற உலகின் கண்ணுக்கு மறைக்கப்படுகின்றது. இனிச் செய்தி எதுவும் வராது என்று டொறதி விடைபெறுகிறாள். தொடரை முடித்துவிடவே போம் விரும்பினார்.

இனிப் பணப்பையின் கதைக்கு வருவோம். போம் வறட்சி மிகுந்த டகோட்டாவிலே கடை வைத்து நொடிந்தவர். பத்திரிகை நடத்தி அதிலும் இழந்தவர். 1908இல் திரைப்படமும் சொற்பொழிவும் கலந்த ஒஸ் காட்சியை ஊரூராக நடத்திப் பெருங்கடனாளியானார். ஹென்றி மாமாவின் கலக்கத்தை எழுதிய கை கடனை அறிந்த கையே. ஆறாம் நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1911இல், அவர் வங்குரோத்தானார். அவரை அழைத்துச் செல்ல ஒஸ்மா எவளும் இருக்கவில்லை.

வேறு கதைகள் எழுதிப் பார்த்தார். அவை ஒஸ் கதைகள் போல் விலைபோகவில்லை. 1913இல் ஏழாம் நூல் வந்தது. மறைந்த நாட்டோடு கம்பியில்லாத் தந்தி மூலம் தொடர்பு கொள்ளலாமே என்று ஒரு குழந்தை யோசனை கூறியதாக அதன் முன்னுரையில் எழுதினார். அங்கே பணப்பை பேசியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கதவைத் தட்டியவர் குழந்தைகள் என்பதையும் மறுப்பதற்கில்லை. 1919இல் அவர் மறைந்தார். அவர் எழுதிய பதினான்கு ஒஸ் நூல்களுள் இறுதி நூல் 1920இல் வெளிவந்தது.

ஆகவே, ‘எத்தனையாவது நூல்’ என்று கேட்பது பிழையான கேள்வி. முன்னைய நூல்களில் தான் பட்டவற்றைத் தலைவி இந்நூலுக்குள் சுமந்து வந்திருக்கிறாளா என்பதே சரியான கேள்வி. முதல் நூலில் வீட்டிற்கு மீட்டுச் செல்ல வேண்டிய குழந்தையாக இருந்தவள், ஆறாம் நூலில் வீட்டாரை மீட்கும் பெண்ணாக நிற்கிறாள். வீடு என்பது மண்ணும் கூரையும் அன்று, விட்டுப் பிரிய மனமில்லாத மனிதரே என்று அவள் கண்டுகொள்வதற்கு நான்கு முறை திரும்பிப் போக வேண்டியிருந்தது. அந்த நான்கு பயணங்களையும் அவளோடு போய் வந்த பிள்ளைக்கு, ஐந்தாம் முறை அவள் திரும்பாதது எத்துணைப் பெரிய செய்தி!

திங்கட்கிழமை காலை நூலை மாணவனிடம் திருப்பிக் கொடுத்தோம். பாட நேரத்தில் படியாதே என்று மட்டும் சொன்னோம். பிறகு, அவன் கேள்விக்கு விடை கூறும் ஆவலுடன், “டொறதி இந்த முறை...” என்று தொடங்கினோம்.

அவன் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். “சொல்லிப்போடாதேங்கோ, சேர்!”

நாம் சொல்லவில்லை.