முத்திரை அசல், தாய் போலி! வெளிநாட்டுக்குத் தத்து போன சென்னைக் குழந்தைகள்

2005-ம் ஆண்டு. சென்னையில் ஒரு மதுக்கடை. போதையில் இரண்டு பேருக்கு வாய்த்தகராறு. குழந்தையைத் தூக்கியது பற்றிச் சத்தமாகப் பேச்சு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் காதில் விழ, தகவல் போலீசுக்குப் பறந்தது.

விசாரணையில் வெளியான விவகாரம் ஊரையே உலுக்கியது.

1998, 1999 ஆண்டுகளில் வடசென்னை குடிசைப் பகுதிகளில் தெருவில் நின்ற பிள்ளைகள் சிலர் மாயமானார்கள். பெற்றவர்கள் தேடாத இடம் இல்லை. ஆனால், பிள்ளைகளோ எப்போதோ விமானம் ஏறிவிட்டார்கள்! நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று ஆளுக்கொரு நாடு. அங்கே வேறு பெயர், வேறு அப்பா அம்மா.

"மலேசியன் சோசியல் சர்வீசஸ்" என்ற சென்னைக் காப்பகம் வழியாகத்தான் இவர்கள் போனார்கள் என்றது போலீஸ். 1991 முதல் 2003 வரை குறைந்தது 165 பிள்ளைகளை அந்தக் காப்பகம் வெளிநாட்டுக்கு அனுப்பியதாகக் கணக்கு. அத்தனை பேரும் திருட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ஒரு சிறுவனைக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குக் கிடைத்த கூலி ரூ.10 ஆயிரம் என்று போலீசார் கூறினார்கள். காப்பகத்தைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள். விவகாரம் ஐகோர்ட்டு வரை போய், சி.பி.ஐ. கைக்கு மாறியது.

எப்படித் தப்பியது?

நாலு வயசுப் பையனை மளிகைக் கடைக்கு அனுப்பினாலே "யாரோட வந்தே?" என்று கேட்கிற ஊர் இது. கடல் தாண்டிப் போகிறவனை ஒருத்தரும் கேட்கவில்லையா?

கேட்டார்கள். கேட்டதெல்லாம் காகிதத்தைத்தான்! "வறுமை, வளர்க்க முடியவில்லை, மனமுவந்து ஒப்படைக்கிறேன்" என்று ஒரு பத்திரம். கையெழுத்துப் போட ஒரு போலித் தாய். பிள்ளைக்குப் புதுப் பெயர். முதல் காகிதம் தயாராகிவிட்டால் மிச்சமெல்லாம் தானாக ஓடும். பத்திரத்தைப் பார்த்துப் பரிந்துரை, பரிந்துரையைப் பார்த்துக் கோர்ட்டு உத்தரவு, உத்தரவைப் பார்த்துப் பாஸ்போர்ட்டு, பாஸ்போர்ட்டைப் பார்த்து விசா. ஒவ்வொருவரும் முன்னால் குத்திய முத்திரையைத்தான் பார்த்தார்கள். பெற்றவளை நேரில் பார்த்தது யார்?

சட்டம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டுத் தத்து முறைகேடுகள் பற்றி 1982-ல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வக்கீல் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது சுப்ரீம் கோர்ட்டு. 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி தீர்ப்புச் சொன்னார். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மூலம்தான் அனுப்ப வேண்டும், உள்நாட்டுப் பெற்றோருக்கே முதல் உரிமை என்று விதிகள் வந்தன. 1990-ல் மத்திய அரசின் தத்து அமைப்பான "காரா" வந்தது. இவ்வளவும் வந்த பிறகுதான் வடசென்னைப் பிள்ளைகள் போனார்கள்!

இன்னொரு கோளாறும் இருந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர் இங்கே தத்து எடுக்கவே முடியாது. 1890-ம் ஆண்டுச் சட்டப்படி "கார்டியன்" என்றுதான் கோர்ட்டு நியமிக்கும். தத்து, குடியுரிமை எல்லாம் அவர்கள் ஊரில் போய் முடிக்க வேண்டும். முடிக்காமல் விட்டால்? பிள்ளை அந்தரத்தில்! அமெரிக்காவில் பல நாடுகளிலிருந்து தத்து வந்தவர்கள் சிலர், வளர்ந்த பிறகு குடியுரிமை இல்லை என்று நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள். 2001-ல் அமலுக்கு வந்த சட்டம்கூட அப்போது 18 வயது தாண்டியவர்களைக் கைவிட்டுவிட்டது.

வளர்த்தவர்கள் கதி

வளர்த்தவர்களை வில்லன்களாகப் பார்ப்பது சரியல்ல. வருடக்கணக்கில் காத்திருந்து, கேட்ட பணத்தைக் கட்டி, அரசாங்க முத்திரையை நம்பிப் பிள்ளையைக் கூட்டிப் போனவர்கள். ஏழெட்டு வருடம் கழித்து, "உங்கள் பிள்ளை திருட்டுப் பிள்ளை" என்று சேதி வந்தால் எந்தத் தாய்தான் தாங்குவாள்?

அதற்காகப் பெற்றவள் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? சென்னைத் தம்பதி ஒன்று நெதர்லாந்து கோர்ட்டு படியேறி, டி.என்.ஏ. சோதனை மட்டுமாவது செய்யுங்கள் என்று கேட்டது. கிடைக்கவில்லை. பையனின் நலன்தான் முக்கியம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது என்ன வழி?

இந்தியா 2003-ல் ஹேக் சர்வதேச தத்து ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இப்போது வெளிநாட்டுத் தம்பதி நேராகக் காப்பகத்தின் கதவைத் தட்ட முடியாது. அவர்கள் நாட்டு அங்கீகார அமைப்பு வீட்டை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். காரா தடையில்லாச் சான்று தர வேண்டும். 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவு போடுவது கோர்ட்டு அல்ல, கலெக்டர். பிள்ளை போன பிறகும் இரண்டு வருடம் அறிக்கை வர வேண்டும்.

ஒப்படைத்த தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. கேட்பாரற்றுக் கிடைத்த பிள்ளை என்றால் பத்திரிகையில் போட்டோ போட்டுப் பெற்றோரைத் தேட வேண்டும். ஏலம், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே வரும் அந்தச் சின்ன போட்டோவைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறோம். அது ஒரு தாய்க்குக் கடைசி வாய்ப்பு.

நம் ஆட்களும் ஏமாறுகிறார்கள். அக்கா பிள்ளையை அமெரிக்காவில் இருக்கும் தம்பி எடுத்துக்கொள்கிறான் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, நோட்டரி கையெழுத்தும் வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. சொந்தக்காரர் என்றாலும் காரா சான்று வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் "குழந்தை இருக்கு, சீக்கிரம் முடிச்சிடலாம் சார்" என்று காதைக் கடிக்கும் புரோக்கரை நம்பினால் ஜெயில்தான். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 வருடம் வரை தண்டனை, ரூ.1 லட்சம் அபராதம். ஆஸ்பத்திரி ஊழியரே சிக்கினால் 7 வருடம் வரை போகும்.

வாங்கிய நாடுகளும் விழித்துக்கொண்டன. நெதர்லாந்து 2021-ல் வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்தது. பிறகு 2030-க்குள் அடியோடு முடித்துவிடுவது என்று முடிவு செய்தது. சீனா 2024-ல், சொந்தக்காரர் தவிர மற்றவர்களுக்குப் பிள்ளைகளைத் தருவதை நிறுத்தியது.

அன்று போனவர்கள் இன்று 30 வயதை நெருங்கும் இளைஞர்கள். 18 வயது ஆனவர்கள் தங்கள் பூர்வீகத்தைத் தேட சட்டத்தில் இடம் உண்டு. விண்ணப்பித்தால் பழைய பைலைப் பிரிப்பார்கள். திருடப்பட்டவர் என்றால் அந்தப் பைலில் தாய் என்று இருப்பது கூலிக்குக் கையெழுத்துப் போட்டவளின் பெயர். விலாசமும் பொய். பெற்றவர்கள் இங்கேயும் பிள்ளை அங்கேயும் தனித்தனியாக டி.என்.ஏ. கொடுத்து, இரண்டும் எங்காவது ஒத்துப்போனால்தான் உண்டு.