காயத்தின் பின்னே ஒரு மனம்

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பெண்ணைக் கண்டால், "பிறர் கவனத்தை ஈர்க்கவே செய்கிறாள்" என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அப்படியானால் பலர் அக்காயத்தை ஏன் மறைக்கின்றனர்? சொல்ல வார்த்தை கிடைக்காத துயரமே பெரும்பாலும் இவ்வாறு வெளிப்படுகிறது. கணநேரம் தணிந்தாலும் அது தீர்வதில்லை.

ஏசுவதும், "இனிச் செய்யமாட்டேன்" என்று சத்தியம் வாங்குவதும் அவளை மேலும் ஒதுங்கச் செய்யும். பெரியவர்களாகிய நாம் அருகில் அமர்ந்து, "என்னம்மா கஷ்டம்?" என்று பரிவோடு கேட்போம்; இடைமறிக்காமல் செவிமடுப்போம். தோழியரே, இதை இரகசியமாகப் பூட்டி வைப்பது நட்பாகாது. நம்பிக்கைக்குரிய ஆசிரியையிடமோ அருட்சகோதரியிடமோ அன்றே தெரிவிப்போம்.

2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில், இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். உடற்காயத்துக்கு மருத்துவரை நாடும் நாம், மனக்காயத்துக்கும் நாடத் தயங்கலாகாது.