இரண்டு டிவி, ஒரு முன்னறை: லண்டனில் எதை வாங்குவது?

ஐடி வேலையில் இருப்பவனுக்கு உறவிலும் நட்பிலும் ஒரு கூடுதல் டியூட்டி உண்டு. லேப்டாப், போன், டிவி என்று யார் எது வாங்கினாலும் முதல் போன் அவனுக்குத்தான் வரும். லண்டனில் எனக்கு அதிகம் வரும் கேள்வி இது: "மச்சி, 55 இன்ச் டிவி வாங்கணும். ஓஎல்இடி எடுக்கவா, மினி எல்இடி எடுக்கவா?"

போன வருடம் இதே கேள்வி என் வீட்டுக்கே வந்தது. பழைய டிவி ஒன்பது வருடம் உழைத்துவிட்டு ஓய்ந்துபோனது. அதே சமயத்தில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் விசிட்டர் விசாவில் ஆறு மாதம் தங்க வருவதாக முடிவானது. சலித்துச் சலித்துக் கடைசியில் இரண்டு டிவிதான் மிஞ்சின. ஒன்று எல்ஜி சி4, இன்னொன்று ஹைசென்ஸ் யூ7என். இரண்டும் 2024ஆம் ஆண்டு மாடல்கள், இரண்டும் 4கே. எல்ஜி சில நூறு பவுண்டு கூடுதல்.

விமர்சனங்கள் படித்தால் விஷயம் சுலபம். ஓஎல்இடிதான் அழகு, காசு இருந்தால் அதை எடு என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த விமர்சனங்கள் எழுதப்படும் இருட்டறையில் யாருடைய அப்பா அம்மாவும் உட்கார்ந்து நாள் முழுக்க டிவி பார்ப்பதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தானே அணைகிறது. அதனால் கறுப்பு என்றால் நிஜக் கறுப்பு. ராத்திரிக் காட்சிகள் நிறைந்த படத்தை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறையும்.

மினி எல்இடி அப்படியில்லை. அது எல்சிடி திரைதான். பின்னால் சின்னச் சின்ன எல்இடி விளக்குகள், பல நூறு பகுதிகளாகப் பிரிந்து, தேவைக்கேற்ப மங்கும், பிரகாசிக்கும். ஒரு பகுதிக்குள் ஆயிரக்கணக்கான புள்ளிகள் வருவதால், இருட்டில் ஒரு நிலா தெரிந்தால் அதைச் சுற்றி லேசாக வெளிச்சம் கசியும். பதிலாக, முழுத் திரையும் வெளிச்சமாக இருக்கும் காட்சிகளில் இந்த வகை சளைக்காது. பகல் நேரத்தில் இதுதான் கை கொடுக்கும்.

பகல் என்று சொன்னேன் அல்லவா, லண்டனில் அதற்கு அர்த்தமே வேறு. டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ராத்திரி ஒன்பதே கால் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். இங்கே பழைய வரிசை வீடுகளின் முன்னறையில் தெருவைப் பார்த்துப் பெரிய ஜன்னல் இருக்கும், எதிர்ச் சுவரில் டிவி. கோடையில் சாயங்காலம் முழுக்க அந்த ஜன்னல் டிவிக்குள் தெரியும். ஆபீஸ் முடிந்து ராத்திரி பத்து மணிக்குமேல் படம் பார்க்கும் தம்பதிக்கு இது பிரச்சினையே இல்லை. காலை ஒன்பது மணிக்கு டிவி போடுகிறவர்களுக்கு இதுதான் முதல் பிரச்சினை.

அசையாத லோகோ

அடுத்தது, தமிழ் வீடுகளுக்கென்றே உள்ள சிக்கல். நம்முடைய செய்திச் சேனலை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மூலையில் லோகோ. கீழே சிவப்புப் பட்டை. அதற்குக் கீழே ஓடும் எழுத்து. பக்கவாட்டில் இன்னொரு பெட்டி. படம் மாறும், ஆனால் இவை மாறாது. சீரியல் சேனலிலும் காலையிலிருந்து ராத்திரிவரை அதே இடத்தில் அதே லோகோ.

ஓஎல்இடிக்கு ஆகாத தீனி இதுதான். ஒளிரும் புள்ளிகள் உழைக்க உழைக்கத் தேயும். ஒரே இடம் அதிகம் உழைத்தால், அங்கே நிழல்போலத் தடம் விழும். கனடாவைச் சேர்ந்த ஆர்டிங்ஸ் என்ற சோதனைத் தளம் 2018இல் ஆறு எல்ஜி ஓஎல்இடி டிவிகளைத் தினமும் 20 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தது. சிஎன்என் செய்தி ஓடிய டிவிகளில் லோகோவும் பட்டையும் இருந்த இடத்தில் தடம் விழுந்தது. அது பழைய தலைமுறைத் திரை, சோதனையும் கடுமையானது. இன்றைய திரைகள் நன்றாகவே தேறியிருக்கின்றன. மாறி மாறிப் படம், கிரிக்கெட், நெட்ஃபிளிக்ஸ் பார்க்கும் வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே செய்திச் சேனல் தினம் எட்டு மணி நேரம் ஓடும் வீட்டில் யோசிக்கத்தான் வேண்டும். இந்தத் தடம் பல உத்தரவாதங்களில் அடங்காது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஓஎல்இடி டிவிகள் இந்தத் தேய்மானத்தைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். சுமார் நாலு மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், சில நிமிடம் உள்ளுக்குள் அந்த வேலை நடக்கும். அதற்கு மின் இணைப்பு இருக்க வேண்டும். நம் அப்பாக்களோ படுக்கப் போகும்முன் வீட்டைச் சுற்றிவந்து ஒவ்வொரு சுவிட்சாக அணைப்பவர்கள். "இதையும் ஆஃப் பண்ணிடறேன்ப்பா, கரண்ட் எதுக்கு வீணா?" என்று கேட்கும் மனுஷனிடம் போய் பிக்சல் பராமரிப்பு பற்றி விளக்க முடியுமா? நாற்பது வருடப் பழக்கத்தை ஒரு டிவிக்காக மாற்றச் சொல்வதைவிட, அந்தப் பழக்கத்தோடு ஒத்துப்போகும் டிவியை வாங்குவது நியாயம் என்று எனக்குத் தோன்றியது.

லண்டன் பார்த்த முதல் போட்டி

இரண்டு டிவிகளை வைத்துக்கொண்டு எது என்று முழிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1926 ஜனவரி 26 அன்று சோஹோவின் ஃப்ரித் தெருவில் ஜான் லோகி பேர்ட் தன் டெலிவிஷனை விஞ்ஞானிகளுக்கு இயக்கிக் காட்டினார். பத்து வருடம் கழித்து, 1936 நவம்பர் 2 அன்று, வட லண்டனில் உள்ள அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, போட்டியில் இருந்தவை இரண்டு முறைகள். பேர்டின் முறை 240 வரிகள், மார்கோனி இஎம்ஐ முறை 405 வரிகள். ஒரு வாரம் இது, மறுவாரம் அது என்று மாற்றி மாற்றி ஒளிபரப்பினார்கள்.

பேர்டுக்குப் பெயர் இருந்தது, புகழ் இருந்தது. ஆனால் அவருடைய ஒரு முறையில், காட்சியை முதலில் ஃபிலிமில் எடுத்து, உடனே கழுவி, ஈரத்தோடு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். கேமராவை இருந்த இடத்தைவிட்டு நகர்த்த முடியாது. எதிர்த்தரப்பின் எமிட்ரான் கேமராவை நகர்த்தலாம், வெளியே எடுத்துப் போகலாம். சில மாதங்களிலேயே, 1937இன் தொடக்கத்தில், பேர்ட் முறை கைவிடப்பட்டது. வரிகளின் எண்ணிக்கை ஒரு காரணம். தினமும் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு எது தோதாக இருந்தது என்பது இன்னொரு காரணம். டிவி வாங்கும்போது நாம் மறப்பது இந்த இரண்டாவதைத்தான்.

ஆப், ஆன்டெனா, லைசென்ஸ்

லண்டனில் வாடகை வீடு என்றால் கூரையில் ஆன்டெனா இருக்கும் என்று உறுதி கிடையாது. 2024 ஏப்ரலில் வந்த ஃப்ரீலி சேவை பிபிசி, ஐடிவி, சேனல் 4, சேனல் 5 ஆகியவற்றை இன்டர்நெட் வழியாகவே நேரலையில் கொடுக்கிறது. அது முதலில் வந்தது ஹைசென்ஸ் டிவிகளில். சி4இல் அது இல்லை. தமிழ் ஆப்களின் கதை வேறு. நீங்கள் பார்க்கும் தமிழ் ஆப் அந்த டிவியில் இருக்கிறதா என்று கடையிலேயே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அதற்காக டிவியை ஒதுக்க வேண்டாம். ஐம்பது, அறுபது பவுண்டு ஸ்டிக் ஒன்று அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.

லைசென்ஸ் விஷயத்தில் நம்மவர்களிடம் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. "நாங்க பிபிசி பாக்கறதில்ல, எங்களுக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்பார்கள். எந்தச் சேனலை நேரலையில் பார்த்தாலும் லைசென்ஸ் தேவை. சன் டிவியை ஆப்பில் நேரலையாகப் பார்த்தாலும் அதே சட்டம்தான். 2025 ஏப்ரலில் கட்டணம் வருடத்துக்கு 174.50 பவுண்டாக இருந்தது. மாட்டினால் அபராதம் 1,000 பவுண்டு வரை. நெட்ஃபிளிக்ஸ் படமோ, பிறகு போட்டுப் பார்க்கும் சீரியலோ மட்டும் என்றால் வேண்டாம். ஆனால் பிபிசி ஐபிளேயருக்கு எப்படிப் பார்த்தாலும் வேண்டும். விருந்தாளியாக வந்த அப்பா அம்மா நேரலை பார்க்கப் போகிறார்கள் என்றால் இந்தத் தொகையையும் டிவி விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாச் சேனலும் சல்லிசாக வரும் என்று காதோடு காதாக விற்கப்படும் பெட்டிகள் பக்கம் போகாதீர்கள். அது திருட்டு, ஒருநாள் சொல்லாமல் நின்றும் போகும்.

தலையைக் குழப்பும் எண்கள்

சில விஷயங்களுக்கு அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். எல்ஜியில் டால்பி விஷன் உண்டு, எச்டிஆர்10 பிளஸ் கிடையாது. ஹைசென்ஸில் இரண்டும் உண்டு. சீரியலுக்கு இரண்டுமே தேவையில்லை. மின்சாரம் பற்றிய கவலையும் சின்னது. 100 வாட் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் வருடத்துக்குச் சுமார் 180 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் 45 பவுண்டு. இரண்டு டிவிக்கும் உள்ள வித்தியாசம் அதில் ஒரு பகுதிதான்.

அளவு முக்கியம். சோபாவிலிருந்து ஏழரை அடி தூரத்துக்கு 55 இன்ச் பொருத்தம். ஒன்பது அடி என்றால் 65 பாருங்கள். வாங்கி வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அசைவை வழவழப்பாக்கும் செட்டிங்கை அணைப்பது. அது இருந்தால் மணிரத்னம் படமும் மெகா சீரியல் மாதிரித் தெரியும். ஃபிலிம்மேக்கர் மோட் போட்டால் அந்தத் தொல்லை தானாகப் போகும்.

எங்கே வாங்குவது என்பதும் டிவி அளவுக்கு முக்கியம். ஜான் லூயிஸ் டிவிகளுக்கு ஐந்து வருட உத்தரவாதம் கூடுதல் காசில்லாமல் தருகிறது. ஆன்லைனில் வாங்கினால், வந்து சேர்ந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். பழுதென்றால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாளில் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். "கம்பெனிக்கு போன் பண்ணுங்க" என்று கடைக்காரர் கைகழுவினால், உங்கள் ஒப்பந்தம் கடையோடுதான் என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

எதை எடுத்தேன்?

ஹைசென்ஸ். ராத்திரி படம் பார்க்கும்போது ஓஎல்இடியின் கறுப்பு இதில் வராது என்பது தெரிந்தேதான் எடுத்தேன். மனைவியும் நானும் அப்படிப் படம் பார்ப்பது வாரத்துக்கு ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். மிச்ச நேரமெல்லாம் அந்த டிவி அவர்களுடையது.

ஊரில் அம்மாவுக்கு வாசலில் நின்றால் பேச ஆள் உண்டு. அப்பாவுக்கு டீக்கடை உண்டு, பேப்பர் உண்டு. இங்கே நாங்கள் இருவரும் காலையில் வேலைக்குப் போய்விட்டால் வெளியே குளிர், புரியாத பேச்சு, நாலு மணிக்கே இருட்டு. அந்த வீட்டுக்குள் தமிழ் பேசும் ஒரே குரல் டிவியிலிருந்துதான் வரும். லோகோ தடம் விழுமோ என்று அஞ்சி "செய்தி போதும்மா, கொஞ்சம் மாத்துங்க" என்று அவர்களிடம் சொல்ல வேண்டிய ஒரு டிவி, எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

உங்கள் வீட்டில் இருட்டிய பிறகு, இருவர் மட்டும், சினிமாதான் பார்ப்பீர்கள் என்றால் தயங்காமல் எல்ஜியை எடுங்கள். கொடுக்கும் காசுக்கு அது தகும். முடிவெடுக்கும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஒரு வாரம், வீட்டில் டிவி எப்போது ஓடுகிறது, என்ன ஓடுகிறது, முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.